இருநூற்றுப் பதினான்காம் அட்டை

பாடாங் செராயில் செம்பனை முடிந்து
சோடியம் விளக்குகள் தொடங்கும் இடத்தில்
இரண்டாம் ஷிப்ட் பஸ் என்னை இறக்கிவிடும்.
பதினோரு தறிகள். ஒன்பது கணினியில் ஓடும்.
மீதி இரண்டுக்கும் இன்னும் அட்டைதான்.
பழைய இரும்பு விலைக்குக் கப்பலில் வந்தவை;
தவுக்கே ஓங் அவற்றை விற்கவும் மாட்டார்,
திட்டாமல் இருக்கவும் மாட்டார்.
அதில் ஒன்று என்னுடையது.

கயிற்றில் கோத்த அட்டைகள் தலைக்கு மேலே
ஒவ்வொன்றாய் வந்து ஊசிகளை முட்டும்.
துளை இருந்தால் ஊசி நுழையும், கொக்கி எழும்,
கொக்கியோடு பாவு எழும்.
துளை இல்லையா, நூல் படுத்தே கிடக்கும்.
அவ்வளவுதான் என்றான் டிக்காராம்,
தனக்குத் தெரிந்த மலாயில், முதல் நாள்.
எனக்குப் பெரட்டுதான் ஞாபகம் வந்தது:
பேர் கூப்பிட்டவர் ஓரடி முன்னால்,
கூப்பிடாதவர் நின்ற இடத்தில்.

எழுந்ததற்கும் கிடந்ததற்கும் நடுவே
சரிகை பாயும். அச்சு வந்து அடிக்கும்.
ஓர் அட்டைக்கு ஓர் ஊடை.
அறுநூற்று நாற்பது அடிக்கு
ஒரு வரிசை மூங்கில் குருத்து,
அதன்மேல் எட்டிதழ்ப் பூ,
பூவின் நடுவில் கடுகளவு ஊதாக் கண்.
பிறகு மறுபடியும் முதல் அட்டை.
ஹரி ராயாவுக்கு முந்தைய மாதங்களில்
வேறெதுவும் நெய்வதில்லை.
தம்பி இடுப்பில் கட்டப்போகும் நிறம் எதுவென்று
ரோஹானி அக்கா கேன்டீனில்
தினம் ஒன்று சொல்வாள்.

கிழிந்த அட்டையை ஒட்டியது நான்தான்.
மகனுக்குக் காய்ச்சல். பாக்கெட்டில் கைப்பேசி
மூன்றாம் முறையாக அதிர்ந்துகொண்டிருந்தது.
ஒட்டுத்தாள் ஒரு துளை அகலம்
கூடுதலாகப் படிந்துவிட்டது.
அந்த ஒரு கொக்கி எழவில்லை.
எழாத இழைமேல் சரிகை நடந்து போனது.
விடிவதற்குள் நாற்பத்திரண்டு மீட்டர்;
ஒரு பூவும் கண் திறக்கவில்லை.

ஓங் துணியை விளக்கில் பிடித்தார்.
நகத்தால் ஒரு பூவைத் தொட்டார், பக்கத்துப் பூவை,
அதற்கும் பக்கத்துப் பூவை.
'ரிஜெக்' என்றார்.
மாசக் கடைசியில் அறுபது வெள்ளி குறைந்தது.
மகன் தேறிவிட்டான். பள்ளிக்குப் போனான்.
அட்டைக்கு இன்னொரு முறை துளை போட்டோம்.

ரிஜெக் துணி எங்கே போகும் என்று
நான் கேட்டதில்லை.
பாசார் மாலாமில் மீட்டர் எட்டு வெள்ளிக்குப் போகிறது.
நாலு மீட்டர் வாங்கியிருக்கிறார்
கோயில் கமிட்டிப் பொருளாளர் மாசிலாமணி.
வெள்ளிக்கிழமை
பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் அம்மன் கோயிலில்
கருவறைக்கு முன்னால் தொங்கியது என் ராத்திரி.
தையல்காரர் குஞ்சலம் வைத்திருந்தார்.
'திரை உபயம்: மாசிலாமணி குடும்பத்தார்'
என்று பலகையில் புதிய பெயின்ட்.
என் அறுபது வெள்ளியை
நான் யாரிடமும் சொல்லவில்லை.

உள்ளே அலங்காரம் நடந்துகொண்டிருந்தது.
வெளியே எல்லோரும் மூடிய திரை பார்த்து நின்றோம்,
பக்கத்தில் ஒரு பெண்
'பட்டு மாதிரியே இருக்குல்ல' என்றாள்.
ஆமாம் என்றேன்.
நான் வரிசை எண்ணிக்கொண்டிருந்தேன்:
தூங்கும் பூ, தூங்கும் பூ, தூங்கும் பூ.

மணி அடித்தது. கைகள் தலைக்குமேல் போயின.
பூசாரி திரையைச் சுருட்டி இழுத்தபோது
ஓரம் புரண்டு பின்பக்கம் தெரிந்தது.
அங்கே பூ கிடையாது. குருத்து கிடையாது.
சரிகை தாண்டிய தூரங்கள்,
எங்கே எழுந்தது, எங்கே கிடந்தது,
எந்த அடியில் எனக்குக் கைப்பேசி அதிர்ந்தது,
மறைக்காமல் அத்தனையும்.

தீபம் ஏறியது.
இத்தனை நேரமும் அந்தப் பக்கத்தைத்தான்
அவள் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

'வழி விடும்மா' என்றார் தட்டோடு வந்தவர்.
திருநீறு வாங்கிக்கொண்டேன்.
ஏழரைக்கு பஸ்.